கோபுரத்துப் பிளேட்

பெஞ்சைப் போட்டதும் கூடத்தில் நடக்க வழி இல்லாமல் போயிற்று. மூலையில் மூன்று காலில் நின்றிருந்த காமிராவை வாசல் பக்கம் தள்ளிவிடலாம் என்று ராமலிங்கம் அதன்மேல் கிடந்த கறுப்புத் துணியைப் பிடித்தார். பிணத்தின் கால்மாட்டில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த லோகாம்பாள் அழுகையைச் சட்டென்று நிறுத்தினாள்.

"மாமா, அந்தத் துணிய எடுக்காதீங்க."

பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"தூக்கியாரும்போது வழியில யார்னா எடுத்தாங்களா?"

"ஏம்மா, அதக் கேக்கற நேரமா இது?" என்றாள் பொன்னியம்மாள். செத்தவனுக்கு அத்தை. தாமலில் இருந்து ராமலிங்கத்தோடு அதே பஸ்ஸில் வந்து இறங்கினவள்.

"ரிக்சாக்காரன் அப்படியே சுருட்டிக் கட்டித் தூக்கியாந்தானாம். யாரும் தொடல," என்றார் ராமலிங்கம். கையை எடுத்துக்கொண்டார். லோகாம்பாள் விட்ட இடத்தில் இருந்து மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

பெஞ்சில் பரசுராமன் கிடந்தான். ராமலிங்கத்துக்குத் தம்பி. மேட்டுத் தெருவில் வீட்டின் முன்பாதியை ஸ்டூடியோவாக்கிப் பின்பாதியில் குடித்தனம் நடத்தியவன். விடிகாலையில் ஏகாம்பரநாதர் கோயில் பெரிய கோபுரத்துக்கு அடியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தான். டாக்டர் வந்து மார்வலி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ராமலிங்கம் அதை முழுசாக நம்பவில்லை. தலை நரைக்காதவனுக்கு என்ன மார்வலி? ஆனால் உடம்பில் காயம் இல்லை. சாராய வாடை இல்லை. சட்டையைக் கழற்றும்போது அவரே மோந்து பார்த்தார். பையில் பீடிக்கட்டு, தீப்பெட்டி, உள்பக்கம் வெல்வெட் ஒட்டின வட்டமான ஒரு மூடி. எந்த டப்பாவின் மூடியோ. எல்லாவற்றையும் மாடத்தில் வைத்தார்.

பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் நின்றிருந்தது. அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து ராமலிங்கம் பார்த்ததில்லை.

ராஜகோபால் வந்து காதோரம் குனிந்தான். லோகாம்பாளின் அண்ணன், ஏனாத்தூரில் கூட்டுறவு சங்கத்தில் வேலை. எதையும் முன்னால் நின்று செய்கிறவன், அதைச் சொல்லியும் காட்டுகிறவன்.

"மாமா, சின்னக் காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பியிருக்கேன். ஸ்டூடியோ சக்ரவர்த்தி வந்துடுவாரு. குளிப்பாட்டி நாற்காலில உக்காரவச்சி ஒரு படம் எடுத்துடலாம்."

காதோரம் சொன்னது லோகாம்பாளுக்குக் கேட்டுவிட்டது. "வேணாம்," என்றாள். "அவரே வேணாம்னு சொல்லியிருக்காரு. மாமாவுக்கும் தெரியும்."

ராமலிங்கத்துக்குத் தெரியும்.

பெரிய காஞ்சிபுரத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் மேளக்காரனுக்கு அடுத்தபடி ஆள் வருவது பரசுராமனுக்குத்தான். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று உயிரோடு இருக்கும்வரை ஒதுங்கி ஒதுங்கிப் போனவர்களை, செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் பின்னால் ஒருத்தன் பிடித்துக்கொள்ள, பெண்டாட்டி பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி எடுப்பான். எடுத்துவிட்டு வந்தால் தலைக்குக் குளிப்பான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடமாட்டான். "அது அவங்க மூஞ்சி இல்லணா. ஆனா இனிமே அதுதான் மூஞ்சி," என்று ஒரு தடவை சொன்னான்.

அது பொய் இல்லை. தாமல் வீட்டுக் கூடத்தில் அவர்கள் அப்பா அப்படித்தான் தொங்குகிறார். பரசுராமன் தொழிலுக்கு வந்த புதுசில் எடுத்த படம். தாடையைச் சுற்றித் தலையில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி, மூக்கில் பஞ்சு, பாதி மூடின கண். அப்பா ஏரிக்கரையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவனை எல்லாம் நிறுத்தி வம்பு பேசிச் சிரிக்கிற ஆள். ராமலிங்கம் இப்போது எவ்வளவு யோசித்தாலும் அந்தச் சிரிப்பு வருவதில்லை. தாடைக்கட்டுதான் வருகிறது. அவர் பிள்ளைகள் சின்ன வயசில் அந்தப் பக்கம் போகவே பயப்படும். என்னை மட்டும் அப்படிக் குந்தவைத்து எடுத்துவிடாதீர்கள் என்று பரசுராமன் அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான் சொன்னான்.

"சரி, வேணாம்," என்றான் ராஜகோபால். "அப்போ வேற படம் எங்க? எடுங்க, பார்க்கலாம். ஊரையே படம் புடிச்ச மனுசன், தன்ன ஒண்ணு புடிச்சி வச்சிக்கல. உள்ள பூரா தேடிட்டேன்."

ராமலிங்கம் அவன் தேடினதை நம்பாமல் தானும் ஒருமுறை தேடினார். ஸ்டூடியோ சுவர், கண்ணாடி அலமாரி, மேசை இழுப்பறை, அட்டைப் பெட்டிகள். கல்யாண ஜோடிகள், குப்புறப் படுத்த குழந்தைகள், மெடல் குத்தின போலீஸ்காரர், சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற நெசவாளி. ஊர் மூஞ்சி எல்லாம் இருந்தது. தம்பி இல்லை. கல்யாணப் படம் ஒன்று இருந்தது. அது இல்லாமலே இருந்திருக்கலாம். அன்றைக்குக் காமிராவை நிறுத்தி வைத்துவிட்டு, "ணா, இந்த ரப்பர் உருண்டைய அமுக்கு, போதும்," என்று சொல்லிவிட்டு மணையில் போய் உட்கார்ந்தான் பரசுராமன். ராமலிங்கம் உருண்டையையும் அமுக்கினார், காமிராவின் ஒரு காலையும் இடித்தார். படத்தில் லோகாம்பாள் முழுசாக விழுந்தாள். மாப்பிள்ளை கழுத்துவரைக்கும்தான் விழுந்தான். எங்கள் வீட்டுப் பெண்ணைத் தலை இல்லாதவனுக்குக் கொடுத்தோம் என்று ராஜகோபால் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிச் சிரிப்பான்.

இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. அதே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அம்சா இன்னும் பள்ளிக்கூடம்கூட போகல. நாளைக்கு அது எங்க அப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டா, இதக் காட்டுவீங்களா?"

அம்சா யார் மடியிலோ உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தது. ராமலிங்கத்துக்கு சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று கோபம் வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் கோபம் அதிகமாக வந்தது.

சக்ரவர்த்தி ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். நெற்றியில் நாமம். செருப்பைத் தெருவிலேயே விட்டார். பெஞ்சுப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பிறகு ராமலிங்கத்திடம் வந்தார்.

"நீங்கதான் பெரியவர்னு சொன்னா. உங்ககிட்ட மறைக்கப்படாது. என்னை இப்படி எடுக்காதேன்னு பரசுராமன் என்கிட்டயே சொல்லியிருக்கான். எடுக்கச் சொன்னா எடுக்கறேன். வேண்டாம்னா பெட்டியத் தூக்கிண்டு போயிடறேன். எனக்கு ஒண்ணும் தரவேண்டாம்."

போட்டிக் கடைக்காரன் இவ்வளவு நல்லவனாக இருக்கமாட்டான் என்று ராமலிங்கம் நினைத்தார். ஒன்றும் வேண்டாம் என்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இருந்தும் அவர் பேச்சில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சித்த இருங்க," என்றார்.

வெளியே பாடை கட்ட மூங்கில் வெட்டுகிற சத்தம் கேட்டது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஒரே முடிவாக இருந்தார்கள். தம்பி முகத்தைப் பார்த்தார் ராமலிங்கம். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தாடையில் கட்டு போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் பூக்காரி கிருஷ்ணம்மாள் ஒரு மாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள். சன்னதித் தெருவில் கடை போடுகிறவள். திருப்பருத்திக்குன்றத்தில் இருந்து இருட்டோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள். காலையில் பிணத்தை முதலில் பார்த்தது அவள்தான் என்று தெரிந்ததும் ராமலிங்கம் அவளை வாசலிலேயே மறித்தார்.

"நீதான் பாத்தியா?"

"ஆமாங்க. நான்தான் பாத்தேன்."

"எப்படிக் கெடந்தான்?"

"கெடக்கலிங்க. குந்திக்கினு இருந்தாரு. எதிர மண்டபம் இருக்குது இல்ல, அதுக்கு அந்தாண்ட, கோபுரத்துக் கால்மாட்டுல. ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்துக்கால் வச்சிக்கினு. நாலஞ்சி நாளா ராத்திரிக்கு அந்தப் பொட்டிய வச்சிக்கினு அங்கியேதான் இருப்பாரு. ஏதோ பட்டுக்கடைக்கு காலண்டருக்குக் கோபுரம் வேணுமாம். ஒரு நாளைக்கு லாரி வெளிச்சம் அடிச்சி கெட்டுப்போச்சின்னாரு, ஒரு நாளைக்கு மழைன்னாரு. நான் வர்றப்போ மூட்டை கட்டிக்கினு இருப்பாரு. இன்னிக்கு கட்டல. அசந்து தூங்கறாரு போலன்னு நெனச்சேன்."

"எழுப்பலியா நீ?"

"எதுக்குங்க எழுப்பறது? பாவம், தூங்கட்டுமேன்னு விட்டேன். பனி வேற கொட்டுச்சி. பொட்டி பூரா நனைஞ்சிடுமேன்னு பக்கத்துல கெடந்த துணிய எடுத்துப் பொட்டி மேல நல்லா போத்தி வுட்டேன். கடை போட்டு, பூ கட்டி, வெளுத்தப்புறம் டீ வாங்கிக்கினு போய்க் கூப்புட்டா..." அவள் மாலையைக் கை மாற்றிக்கொண்டாள். "பொட்டிக்குப் போத்தினேன். அவருக்குப் போத்தல பாருங்க."

ராமலிங்கம் இரக்கப்படவில்லை. அவருக்கு வேறு ஏதோ இடறியது. "மெசினு எங்க நின்னுது?"

"எதிர, தெருவுல."

"இவன் எந்தப் பக்கம் பாத்துக்கினு குந்தியிருந்தான்? கோபுரத்தப் பாத்தா?"

"இல்லீங்க. தெருவப் பாத்து. பொட்டியப் பாத்துன்னுதான் வச்சிக்கங்களேன்."

"வெளக்கு?"

"எரிஞ்சிக்கினேதான் இருந்திச்சி. முன்னாடி வச்சிக்கினு இருந்தாரு. மூஞ்சி நல்லா வெளிச்சமா இருந்திச்சி, அதனாலதான் எனுக்கு ஒண்ணும் தோணல."

"தகரம் எந்தப் பக்கம் இருந்திச்சி? பெட்ரோமாக்சுல ஒரு பக்கமா தகரம் கட்டி இருப்பான். அது பொட்டிப் பக்கமா, அவன் பக்கமா?"

கிருஷ்ணம்மாள் பயந்துவிட்டாள். போலீஸ்காரர்கூட அவளிடம் இவ்வளவு கேட்கவில்லை. கண்ணை மூடி யோசித்து, "பொட்டிப் பக்கம்," என்றாள். "அந்தாண்ட இருந்து பாத்தா வெளக்கு தெரியல, அவருதான் தெரிஞ்சாரு."

அந்தத் தகரத்தை ராமலிங்கம் தன் கையாலேயே பிடித்திருக்கிறார்.

போன வருசம் மண்டியில் மணிலாக்கொட்டை மூட்டை போட வந்து தம்பி வீட்டில் தங்கினபோது நடந்தது அது. ராத்திரி சாப்பிட்டதும் பரசுராமன் அவரைக் கோபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். காமிரா மூடியைத் திறந்து வைத்துவிட்டு, தகரம் கட்டின பெட்ரோமாக்ஸைக் கையில் கொடுத்து, இப்படியே நடந்துக்கினே இரு, கீழ்ச் சுவருக்கெல்லாம் வெளிச்சம் காட்டு, எங்கியும் நிக்காதே என்றான். தகரம் எப்போதும் மெசின் பக்கம் இருக்கணும், நெருப்பு தெரியக்கூடாது என்றான். ராமலிங்கம் மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தார். மறுநாள் படத்தைப் பார்த்தார். கோபுரம் இருந்தது. கீழே அவர் இல்லை.

"நான் எங்கடா?"

"நீ நடந்துக்கினே இருந்தே இல்லணா? நடக்கறவன் இதுல விழமாட்டான். ஒரே எடத்துல அசையாம இருந்தாத்தான் விழுவான்."

ராத்திரி பூரா வேலை வாங்கிவிட்டு ஆளைக் காணோம் என்கிறானே, ஊரை ஏய்க்கிற தொழில் என்று அன்றைக்கு அவர் நினைத்தார். தாமலுக்குப் போய் நாலு பேரிடம் அப்படியே சொல்லவும் சொன்னார்.

இப்போது உள்ளே போய் லோகாம்பாள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"லோகா, அவன் மெசினுக்கு எதிர அசையாம குந்தியிருந்தான். வெளக்கு மூஞ்சில அடிச்சிக்கினு இருந்துது. தொறந்து வச்ச மெசினு. அப்போ அவன் விழுந்திருப்பானே?"

லோகாம்பாள் தலையைத் தூக்கினாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவள் அதுவரைக்கும் அதை நினைக்கவில்லை என்று தெரிந்தது. புருசன் எடுத்த கடைசிக் கண்ணாடிப் பிளேட், வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடக்கூடாது என்றுதான் துணியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டில் படம் பிடிப்பது அவன் என்றால் பிளேட் கழுவுவது அவள்.

"மூடி," என்றாள். "மெசினுக்கு மூடி போடல மாமா. துணிதான் தடுத்துக்கினு இருக்குது. வட்டமா ஒரு மூடி, அவரு சட்டப் பையில வச்சிக்குவாரு."

ராமலிங்கம் மாடத்தில் இருந்து அந்த மூடியை எடுத்து வந்தார். துணியைத் தூக்காமல் கையை மட்டும் உள்ளே விடச் சொன்னாள். கன்று திரும்பிக் கிடக்கிற மாட்டுக்குக் கை விட்டுப் பார்ப்பதுபோல, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் போனார். குளிர்ந்த பித்தளை வளையம் ஒன்று தட்டுப்பட்டது. மூடியை அதில் வைத்து அழுத்தினார்.

சக்ரவர்த்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பெரியவரே, நன்னா யோசிச்சுக்கோங்கோ. கோபுரம் முழுசா விழணும்னா காமிரா ரொம்ப தூரத்துல இருக்கும். அதுல மனுஷன் விழுந்தாலும் அரிசி அளவுதான் விழுவான். மூக்கு முழி தெரியாது. பனியில நனைஞ்ச பிளேட், ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். அதை நம்பி இதை விட்டா, அப்புறம் எடுக்கறதுக்கு ஆள் இருக்கமாட்டான்."

வியாபாரத்துக்குச் சொல்கிறானா, நிஜமாகவே சொல்கிறானா என்று ராமலிங்கம் அவர் முகத்தையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"லோகா, இப்பவே கழுவிப் பாத்துடலாமா? பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. "ஒரே பிளேட்டு மாமா. இந்தக் கையால இன்னிக்கு தொடமாட்டேன்."

"அவரு கழுவட்டுமே," என்றான் ராஜகோபால் சக்ரவர்த்தியைக் காட்டி.

"அவன் பிளேட்ட நான்தான் கழுவணும்," என்றாள் லோகாம்பாள். புருசனை அவன் என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

எல்லாரும் ராமலிங்கத்தைப் பார்த்தார்கள். வெளியே மூங்கில் சத்தம் நின்றுவிட்டது. கண்ணால் பார்க்காத எதையும் அவர் அதுவரை நம்பினதில்லை. விதை வாங்கினால் பல்லில் கடித்துப் பார்ப்பார். இங்கே துணிக்குள் இருக்கிற ஒன்று. இருக்கிறதோ இல்லையோ. அதைப் பார்ப்பதற்குள் இதை எரித்துவிட வேண்டும்.

"நாற்காலி வேணாம்," என்றார். "பொட்டியப் பிரிக்காதீங்க. எடுத்துக்கினு போங்க."

"மாமா, நாளைக்கு ஒண்ணும் இல்லன்னா உங்களத்தான் கேப்பாங்க," என்றான் ராஜகோபால்.

"கேக்கட்டும். தலைய வெட்டினவன் நான்தானே, என்னையே கேக்கட்டும்."

சக்ரவர்த்தி பெட்டியைத் தூக்கினார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. சுடுகாடு வரைக்கும் கடைசி ஆளாக நடந்து வந்தார். பெட்டியை எங்கே வைத்துவிட்டு வந்தார் என்று தெரியவில்லை.

சுடுகாட்டில், முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று வெட்டியான் சொன்னான். ஒவ்வொருத்தராகக் குனிந்து பார்த்தார்கள். ராமலிங்கம் முறை வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். நகக்கண்ணில் எல்லாம் பழுப்பாக மருந்துக் கறை இருந்தது. எவ்வளவு மஞ்சள் போட்டுக் குளிப்பாட்டியும் அது போகவில்லை. அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

பால் தெளித்த மறுநாள் லோகாம்பாள் இருட்டறைக் கதவைத் திறந்தாள். காரியம் முடியவில்லை, அதற்குள் தொழிலில் கை வைக்கிறாளே என்று பொன்னியம்மாள் கேட்டாள்.

"சும்மா இரு அத்தே," என்றார் ராமலிங்கம்.

காமிராவை அவரே தூக்கி உள்ளே வைத்தார். கதவை மூடியதும் யாரும் திறந்துவிடக்கூடாது என்று அதன்மேலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். அம்சா வந்து அவர் மடியில் ஏறியது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம், தட்டு அசைகிற சத்தம். பிறகு ரொம்ப நேரத்துக்கு ஒரு சத்தமும் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

வெளியே வந்தபோது அவள் கையில் ஈரம் சொட்டுகிற கண்ணாடி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கறுப்பெல்லாம் வெள்ளை, வெள்ளையெல்லாம் கறுப்பு. ராமலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இருக்கானா இல்லியா?"

"காகிதத்துல போட்டாத்தான் தெரியும் மாமா," என்றாள். ஆனால் அவள் கை இப்போது ஆடவில்லை.

மறுநாள் காகிதத்தில் போட்டாள். வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தார்கள். கோபுரம் அடியில் இருந்து கலசம் வரைக்கும் நின்றது. ஒரு பக்கம் தெருவிளக்கு வெள்ளையாக வழிந்திருந்தது. வானம் பூராவும் மெல்லிசாக, வளைந்து வளைந்து, தறியில் பாவு இழுத்த மாதிரிக் கோடுகள்.

"இது இன்னா, கீறலா?"

"நட்சத்திரம் மாமா. ராத்திரி பூரா தொறந்தே இருந்துது இல்ல. அதுங்க நடந்துது. கோடா விழுந்திருக்குது."

கோபுரத்தின் கால்மாட்டில், மண்டபத்துக்கு அந்தப்பக்கம், அரிசி அளவுக்கு ஒரு வெளிச்சம். கிட்டத்தில் கொண்டுபோனால் ஒன்றும் இல்லை, தள்ளிப் பிடித்தால் ஆள். ஒரு கால் மடக்கி, ஒரு கால் குத்துக்காலிட்டு. முழங்கால்மேல் ஒரு கை. முகம் இருக்கிற இடத்தில் முகம் இருந்தது. அதற்குமேல் சொல்ல முடியாது. சக்ரவர்த்தி சொன்னது சொன்னபடி இருந்தது.

யாரோ பிச்சைக்காரனாகவும் இருக்கலாம் என்று ராமலிங்கத்துக்கு ஒரு நிமிசம் தோன்றியது. அதை அவர் சொல்லவில்லை.

"இத மட்டும் பெரிசாக்கினா?"

"பெரிசாக்கினா மூஞ்சி உதிர்ந்துடும் மாமா. இப்படியேதான் இருக்கணும். கோபுரத்தோட."

படத்தை இன்னொரு தடவை தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார். "கோபுரம் எடுக்கற படத்துல ஆளு விழக்கூடாது. அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"மார்வலின்னா ஒதுங்கியிருக்கலாம். மண்டபத்து மறைவுக்கு ரெண்டு எட்டு வச்சா போதும்."

"முடியல போல."

"வெளக்க முன்னாடி எடுத்து வச்சிக்க மட்டும் முடிஞ்சுதா?"

லோகாம்பாள் படத்தின் ஓரத்தில் ஈரம் இருப்பதுபோல முந்தானையால் ஒற்றினாள். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது. ராமலிங்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தறிகள் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தன.

கருமாதிக்கு முன்னால் படத்தைப் பிரேம் போட அவரே கொண்டுபோனார். கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது சாமி படமா, சாவு படமா? சொன்னாத்தான் சட்டம் போடமுடியும்," என்றான். ராமலிங்கம் அவனை முறைத்தார். பிறகு, "ரெண்டுக்கும் போடற மாதிரி ஒண்ணு போடு," என்றார்.

கருமாதியன்று கூடத்தில் மணைமேல் படத்தைச் சாய்த்து வைத்தார்கள். கிருஷ்ணம்மாள் மாலை கொண்டுவந்திருந்தாள், நல்ல கனமான மாலை. போட்டால் அடிப்பக்கம் முழுசும் மறைந்துவிட்டது. ராமலிங்கம் அதைக் கழற்றி, இரண்டாக மடித்து, நூலால் மேலே இழுத்துக் கட்டினார்.

பொன்னியம்மாள் கண்ணுக்குமேல் கையை வைத்துக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். "எங்கடா? எனக்கு கோபுரந்தான் தெரியுது. ஏகாம்பரத்துக்கா மாலை போட்டு வச்சிருக்கே?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ராஜகோபால் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்து, ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

அம்சா கூட்டத்துக்குள் நுழைந்து மணைக்கு முன்னால் வந்து நின்றது. எல்லார் காலுக்கும் நடுவில் அதன் தலை படத்தின் அடிப்பக்கத்துக்குச் சரியாக இருந்தது.

"பெரிப்பா, அப்பா ஏன் அவ்ளோ தூரத்துல குந்திக்கினு இருக்காரு?" என்றது.

ராமலிங்கம் அதன் பக்கத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். குங்குமக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டார். வழக்கம்போலக் கட்டைவிரலைக் குங்குமத்தில் தோய்த்தார். கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். விரல் ஆளைவிடப் பெரிதாக இருந்தது.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"லோகா, அந்த மாடத்துல தீப்பெட்டி இருக்கும். ஒரு குச்சி குடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். மருந்து இல்லாத முனையைத் தண்ணீரில் நனைத்து, குங்குமத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த அரிசி அளவுக்குமேல் ஒரு புள்ளி வைத்தார்.